இரட்டை மாதம்

ஜோபிரோஸ் தேனீக்குப் பயந்ததே இல்லை. கொட்டினால் கொட்டிவிட்டுப் போகட்டும் என்று வெறுங்கையை அடைக்குள் விடுவார். ஆனால் தெருவில் இரண்டு பெண்கள் சேர்ந்து வந்தால் சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்வார். அவர்கள் தாண்டிப் போன பிறகுதான் மூச்சு வரும். இப்படிப்பட்ட மனிதரைத்தான் எங்கள் ஊர், அந்த வருடம், பெண்கள் கண்காணியாக ஆக்கியது.

கண்காணி என்றால் ஊர்ப் பெண்கள் என்ன உடுத்துகிறார்கள், விழாவுக்கு எப்படி வருகிறார்கள், துக்கத்துக்கு எத்தனை நாள் உட்காருகிறார்கள் என்று பார்க்கிற அதிகாரி. வருடத்துக்கு ஒருவர். வயது ஐம்பதைத் தாண்டியிருக்க வேண்டும். வீட்டுச் சண்டை தெருவுக்குக் கேட்டிருக்கக் கூடாது. இந்த இரண்டாவது தகுதி உள்ளவர்கள் எங்கள் ஊரில் மொத்தம் பதினொரு பேர். பானைக்குள் பத்துக் கறுப்பு அவரையும் ஒரு வெள்ளை அவரையும் போட்டுக் குலுக்கினார்கள். பத்துப் பேர் கறுப்பை எடுத்து அதற்கு முத்தம் கொடுத்தார்கள். ஜோபிரோஸ் உள்ளங்கையை விரித்துப் பார்த்துவிட்டு, "இது கொஞ்சம் கறுப்பாத்தானே இருக்கு?" என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார். பக்கத்தில் இருந்தவர் ஓடிப் போயிருந்தார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். அவர் மனைவி பெயர் மிக்கா. எங்கள் பேச்சில் அதற்குச் சின்னவள் என்று பொருள். பிறந்த அன்றைக்கு வைத்த பெயர், பாவம். இப்போது அவள் வாசலில் நின்றால் உள்ளே வெளிச்சம் வராது.

"என்னங்க, அழுறீங்களா?"

"இல்ல. புகை கண்ணுல பட்டுருச்சு."

"அவரை விதையில ஏதுங்க புகை?" என்று அவள் சிரித்தாள். "விடுங்க. ஊர்ப் பொம்பளைங்களை நீங்க பார்த்துக்குங்க. உங்களை நாங்க பார்த்துக்கறோம்."

ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்று அவர் நினைத்தார்.

இலையுதிர் காலத்தில், தானியத் தாய் டிமீட்டருக்குப் பெண்கள் எடுக்கும் விழாவுக்கு முன்னால், கோயில் வாசலில் கண்காணி நின்று உரக்க வேண்டிக்கொள்வது வழக்கம். "சட்டத்துக்குக் கட்டுப்பட்ட பெண்களுக்கு நன்மை உண்டாகட்டும்" என்பது முதல் பாதி. "கட்டுப்படாதவர்களுக்கு இதற்கு நேர்மாறாக உண்டாகட்டும்" என்பது மறுபாதி. ஜோபிரோஸ் தெய்வத்துக்குப் பயந்தவர். தன் வாயால் ஒரு சாபம் போய் யார் வீட்டுப் பெண் தலையிலாவது விழுந்துவிட்டால் என்ன செய்வது என்று மூன்று நாள் தூங்கவில்லை. முதல் பாதியைக் கணீரென்று சொன்னார். மறுபாதிக்கு வாயைத் திறந்தபோது இருமல் வந்துவிட்டது. முப்பது வருடம் தேன்கூட்டுக்குப் புகை போட்டவருக்கு இருமலுக்கா பஞ்சம்? இருமி முடிப்பதற்குள் பூசாரி அம்மாள் தண்ணீரைத் தெளித்துவிட்டாள். சடங்கு முடிந்துவிட்டது. இருமல் தானாக வந்ததா, அவர் வரவழைத்தாரா என்பது அவருக்கே தெரியாது.

அந்த வருடம் புதுத் திராட்சை ரசம் சாடிகளில் நுரைத்துக்கொண்டிருந்த சமயம், அமாவாசை கழிந்த மறுநாள், மெலின்னாவின் கணவன் கூரையிலிருந்து விழுந்து செத்துப் போயிருந்தான். மெலின்னாவுக்கு இருபத்து மூன்று வயது. குழந்தை இல்லை. அப்பா இல்லை. ஒரே அண்ணன் லாம்போன், சைப்ரஸ் தீவில் கூலிப்படையில் இருந்தான். பெண்ணுக்கு ஒரு ஆண் பொறுப்பாளி இருந்தே ஆக வேண்டும் என்பது சட்டம். அண்ணன் ஊரில் இல்லாததால் செத்தவனின் தம்பி, விறகு வியாபாரி ஸ்காமோன், அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டான். யாரும் ஏற்கச் சொல்லவில்லை. துக்கம் முடிந்த கையோடு அவளைத் தானே கட்டிக்கொள்ளப் போவதாகவும் சந்தையில் சொல்லிவிட்டான். ஏற்கெனவே இரண்டு மனைவிகளைத் தாய்வீட்டுக்குத் துரத்தியவன் அவன். மெலின்னாவுக்குத் தாய்வீட்டுச் சீராக வந்த அத்திமரத் தோப்பு அவன் நிலத்துக்கு அடுத்தாற்போல் இருந்தது.

குளிர்காலத்தில் கப்பல்கள் ஓடாது; அப்படிக் கடல் மூடுவதற்கு முன் ஒரு கப்பலில் அண்ணனுக்குச் செய்தி போயிற்று. கடைசியாகத் திரும்பிய கப்பலில் பதில் வாய்மொழியாக வந்தது: "கடல் திறந்ததும் முதல் கப்பலில் வருகிறேன். அதுவரை பொறு." பொறுப்பதற்கு ஒரே வழிதான் இருந்தது. துக்கத்தில் இருக்கும் பெண்ணை யாரும் கட்ட முடியாது. ஆனால் துக்கத்துக்கும் எங்கள் ஊரில் அளவு உண்டு. கோயில் வாசலில் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள்: துக்கத் துணி சாம்பல் நிறமாக இருக்க வேண்டும், அழுக்காகவோ கிழிந்தோ இருக்கக் கூடாது, ஐந்து மாதம் முடிந்ததும் பெண் எழுந்து வெளியே வந்துவிட வேண்டும், வராதவள் பத்து வருடத்துக்கு எந்தத் தெய்வத்துக்கும் பலியிட முடியாது. வெளியே வரவைப்பது கண்காணியின் வேலை.

ஐந்து மாதம் குளிர்காலத்தோடு முடிகிறது. கடல் திறக்க அதற்கு மேலும் ஒரு மாதம் ஆகும். அந்த ஒரு மாதத்துக்குள் மெலின்னா ஸ்காமோனின் வீட்டுக்குள் போய்விடுவாள்.

ஜோபிரோஸ் துக்கத் துணியைப் பார்வையிடப் போனார். வாசலுக்கு வெளியே நின்று தரையைப் பார்த்தபடி, "துணி சாம்பல் நிறமாம்மா?" என்று கேட்டார்.

"கண்காணியாரே, நான் இங்க மேல இருக்கேன். நீங்க என் வாசப்படியைக் கேக்கறீங்க."

"அழுக்கு இல்லையே?"

"படியா? காலையிலதான் கழுவுனேன்."

உள்ளேயிருந்து வேறு யாரோ சிரிக்கிற சத்தம் கேட்டது. ஜோபிரோஸின் காது சிவந்துவிட்டது. கொஞ்சம் கழித்து அவள் குரல் மாறியது.

"எனக்கு அந்த ஆளு வேண்டாம் கண்காணியாரே. ஊருக்கே குளிக்க வெந்நீர் காய வெறகு போடறான், அவன் மட்டும் குளிக்கறதில்ல. அது போவட்டும். அவன் அண்ணன், என் வீட்டுக்காரர், உசுரோட இருக்கறப்பவே அவன் என்னைப் பார்த்த பார்வை எனக்குத் தெரியும். ரெண்டு பேரைத் துரத்துனவன் மூணாவதா என்னை என்ன செய்வான்? எனக்குப் பயமா இருக்கு. உங்க கல்லுல இதுக்கு ஏதாவது எழுதியிருக்கா?"

கல்லில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. ஜோபிரோஸ் அன்று இரண்டு கூட்டில் தேன் எடுக்க மறந்தார். அவருக்கு மகள் இருந்தால் இந்த வயதுதான் இருக்கும்.

அப்புறம் ஊரில் ஒரு விசித்திரம் நடந்தது. குளிர் ஆரம்பித்ததும் வீட்டுக்கு வீடு பெண்கள் சாய அண்டா ஏற்றினார்கள். கம்பளி நூலையும் துணியையும் போட்டுக் கொதிக்க வைத்தார்கள். தெருவெல்லாம் வால்நட் தோலின் கசப்பு நாற்றம். எல்லாம் ஒரே நிறம், சாம்பல் நிறம். ஜோபிரோஸ் தன் வீட்டு முற்றத்துக்கு வந்தால் அங்கேயும் மிக்கா மத்தளம் மாதிரி ஒரு அண்டாவைக் கிண்டிக்கொண்டிருந்தாள்.

"யாருடி செத்தாங்க?"

"யாரும் சாகல. வயசாகுதுல்ல? நாலு துணி தயாரா இருந்தா நல்லதுதானே."

"ஊர் மொத்தத்துக்குமா வயசாகுது?"

"பின்ன, எனக்கு மட்டுமா?" என்றாள் மிக்கா. இதற்கு எதிராகச் சட்டம் ஏதும் உண்டா என்று அவர் கோயிலுக்குப் போய்க் கல்லை இரண்டு தடவை படித்துப் பார்த்தார். இல்லை.

ஒரு அண்டாவுக்குக் கால் வண்டி விறகு வேண்டும். மலையிலிருந்து வருகிற விறகுவெட்டிகள் முதல் தெருவிலேயே கழுதையை நிறுத்தி, சுமையை இறக்கி, சூடான கஞ்சியும் குடித்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். ஊர்க் கோடியில் இருந்த ஸ்காமோனின் கிடங்கு வரைக்கும் ஒரு குச்சியும் போய்ச் சேரவில்லை. குளியல் மண்டபத்துக்கு நூறு வண்டி விறகு, குளிர்காலத்துப் பொசைடன் மாதம் முடிவதற்குள் போடுவதாக ஸ்காமோன் ஊரோடு ஒப்பந்தம் எழுதியிருந்தான். மாதம் பாதி போனபோது கையில் முப்பது வண்டிதான் இருந்தது.

எங்கள் மாதங்கள் நிலாவைப் பார்த்து ஓடுகிறவை. பருவத்தைப் பிடிக்க முடியாமல் பின்தங்கிவிடும். அதனால் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு தடவை பொசைடன் மாதத்தையே இரட்டையாக்கி, முதலாம் பொசைடன், இரண்டாம் பொசைடன் என்று வைத்துக்கொள்வோம். இந்த வருடமா அடுத்த வருடமா என்று பஞ்சாங்கக்காரர் ஏற்கெனவே தாடியைச் சொறிந்துகொண்டிருந்தார். ஸ்காமோன் ஊர்ச்சபையில் எழுந்து, இந்த வருடமே வைக்க வேண்டும் என்று கத்தினான்.

"வச்சா உன் விறகு ஒப்பந்தம் என்னாகும்?" என்று யாரோ கேட்டார்கள்.

"ஒண்ணும் ஆகாது! ரெண்டாம் பொசைடனும் பொசைடன்தான்யா. பேரு ஒண்ணு, மாசம் ஒண்ணு. நிலா ரெண்டு தடவை சுத்துச்சுன்னா மாசம் ரெண்டாயிடுமா? பொசைடனுக்குள்ள போடறேன்னு எழுதுனேன், பொசைடனுக்குள்ள போடறேன்."

எல்லாருக்கும் குளிர். சீக்கிரம் வீட்டுக்குப் போனால் போதும் என்றிருந்தது. கைகளைத் தூக்கினார்கள். எழுத்தர் அந்த வாசகத்தை அப்படியே பலகையில் எழுதிக்கொண்டார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள்; இந்தத் தவளை கத்தியதும் ஊர் கைதூக்கி ஆமோதித்தது.

மெலின்னா துக்கத்தில் உட்கார்ந்து ஐந்தாவது நிலா தேய்ந்துகொண்டிருந்தது. ஒரு நாள் காலையில் ஜோபிரோஸ் பார்லிக் கஞ்சியில் தேனை ஊற்றுகிற நேரம் ஸ்காமோன் உள்ளே வந்தான். உட்காரச் சொல்வதற்குள் உட்கார்ந்தும்விட்டான்.

"அண்ணே, நாளன்னிக்கு அஞ்சு மாசம் முடியுது. நீங்க வந்து அவளை எழுப்பி வெளியே கூட்டிட்டு வரணும். கல்யாணத்துக்கு ஆடு சொல்லிட்டேன்."

"அவளுக்கு இஷ்டம் இல்லைன்னு..."

"இஷ்டமா? கல்லுல இஷ்டம்னு எழுதியிருக்கா? நீங்க வரலைன்னா சபையில எழுந்து சொல்லுவேன். பொம்பளைக்குப் பயந்த கண்காணின்னு."

அவன் போன பிறகு கஞ்சி ஆறிப் போய்விட்டது. ஜோபிரோஸ் கரண்டியால் அதில் கோடு போட்டுக்கொண்டே இருந்தார். அவருக்கு வெட்கமாக இருந்தது. அவன் சொன்னது உண்மை, அவர் பயந்தவர்தான். ஆனால் அன்றைக்கு அவர் பயந்தது பெண்ணுக்கு இல்லை. அந்தப் பெண்ணைத் தன் கையால் பிடித்து ஸ்காமோனிடம் ஒப்படைப்பதற்குத்தான்.

மிக்கா எதிரில் வந்து அமர்ந்தாள். பெஞ்சு முனகியது.

"ஏங்க, எனக்கு ஒண்ணு புரியல. நாங்கதான் சபைக்கு வர முடியாதே. அன்னிக்கு இந்த விறகுக்காரன் அங்க என்னமோ கத்துனானாமே, என்ன அது?"

"அதுவா? ரெண்டாம் பொசைடனும் பொசைடன்தான்னு..."

"ம்."

"பேரு ஒண்ணு, மாசம் ஒண்ணுன்னு..."

"ம்."

ஜோபிரோஸ் கரண்டியைக் கீழே வைத்தார். உதடு அசைந்தது. விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின. ஒரு இடத்தில் நின்று, திரும்பி வந்து, மறுபடி மடங்கின. பிறகு முகம் விடிந்தது.

"மிக்கா! எனக்கு ஒரு யோசனை தோணுது!"

"உங்களுக்குத் தோணாம வேற யாருக்குத் தோணும்?" என்று அவள் ஆறின கஞ்சியை எடுத்துக்கொண்டு போனாள்.

நாள் வந்தது. கோயில் வாசலில், கல்லுக்கு முன்னால், ஊரே கூடியிருந்தது. ஸ்காமோன் அன்றைக்கு உண்மையிலேயே குளித்திருந்தான். அதைப் பார்க்கவே பாதிப் பேர் வந்திருந்தார்கள்.

"என்னண்ணே தனியா வர்றீங்க? அவ எங்க?"

"அவளுக்கு இன்னும் நாள் இருக்கு தம்பி." குரல் முதலில் கீச்சென்றுதான் வந்தது.

"நாளா? விரல் விட்டு எண்ணுங்க. எனக்கு எண்ணிக்கை தெரியும்."

"எண்ணித்தான் வந்தேன். பொசைடன் வரைக்கும் சரியா இருக்கு. முதலாம் பொசைடன், ரெண்டாம் பொசைடன், ரெண்டும் சேர்ந்து ஒண்ணு. அதனால இதுவரைக்கும் நாலு மாசந்தான் ஆச்சு."

கூட்டத்தின் பின்பக்கத்திலிருந்து ஒரு கனைப்பு எழுந்து, சிரிப்பாகி, முன்வரிசைக்கு வந்தது.

"யோவ், அது விறகுக்குச் சொன்னது! இது பொம்பளை!" என்று ஸ்காமோன் கத்தினான்.

"விறகுக்கு ஒரு பஞ்சாங்கம், பொம்பளைக்கு ஒரு பஞ்சாங்கமா? நிலா ஒண்ணுதானே தம்பி." ஜோபிரோஸ் எழுத்தர் பக்கம் திரும்பினார். "அந்தப் பலகையைக் கொஞ்சம் படிங்க."

எழுத்தர் படித்தார். 'பேரு ஒண்ணு, மாசம் ஒண்ணு' என்ற இடத்தில் கூட்டமும் சேர்ந்து படித்தது.

"ரெண்டுன்னு நீ சொன்னா எனக்குச் சம்மதம்," என்றார் ஜோபிரோஸ். தனக்கு இவ்வளவு தைரியம் எங்கிருந்து வந்தது என்று அவருக்கே ஆச்சரியம். "இப்பவே போய் அவளை எழுப்பறேன். ஆனா அப்ப எழுபது வண்டி விறகு ஒரு மாசம் தாமதமா வந்திருக்கு. சபை அதைக் கேக்கும். எப்படி, மாசம் ஒண்ணா ரெண்டா?"

ஸ்காமோன் கல்லைப் பார்த்தான், எழுத்தரைப் பார்த்தான், வானத்தையும் ஒரு தடவை பார்த்தான். "ஒண்ணு," என்றான்.

அந்த ஒரு மாதம் முடிய மூன்று நாள் இருக்கும்போது துறைமுகப் பாதையில் லாம்போன் நடந்து வந்தான். வெயிலில் காய்ந்து கறுத்து, ஒரு பல் போய், தோளில் சைப்ரஸ் ஒயின் சாடியோடு வந்தான். முதல் வேலையாகத் தங்கைக்குப் பொறுப்பாளியாகப் பதிந்துகொண்டான். இரண்டாவது வேலையாக ஸ்காமோனைத் தேடிப் போனான். அவன் விறகு வாங்க மலைக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். கணக்குப்படி கடைசி நாளன்று மெலின்னா தானே கதவைத் திறந்து, பளிச்சென்ற மஞ்சள் மேலாடையோடு வெளியே வந்தாள். கண்காணி வாசலில் காத்திருந்தார். "துணியைப் பாருங்க, சரியா இருக்கா?" என்றாள். அவர் அன்றைக்கு நிமிர்ந்து பார்த்தார். "சரியா இருக்கும்மா" என்று சொல்லிவிட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டார். பிற்பாடு அவள் ஒருவனைக் கட்டிக்கொண்டாள். அவளே பார்த்துப் பிடித்தவன் என்று சொன்னால் சட்டத்துக்கு அடுக்காது. அண்ணன் பார்த்துக் கட்டி வைத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பதவிக் காலம் முடிகிற தறுவாயில் ஜோபிரோஸ் தேன் சாடி வைக்க உள்ளறைப் பெட்டியைத் திறந்தார். சாம்பல் நிறத் துணி அடுக்கடுக்காக இருந்தது. சாயம், அண்டா, விறகு, கழுதை, கஞ்சி என்று ஒவ்வொன்றாக மனதில் வந்து வரிசையில் நின்றன.

"மிக்கா. அந்த விறகு..."

"என்ன விறகு?"

"ஊர் மொத்தமும் சேர்ந்தா?"

"உங்களுக்குத் தெரியாதுன்னா நீங்க சபையில சத்தியமா தெரியாதுன்னு சொல்லலாம். தெரிஞ்சா பொய் சொல்லணும். உங்களுக்குப் பொய் வராது, இருமல்தான் வரும்." அவள் பெட்டியை மூடினாள். "பஞ்சாங்கக்காரர் எப்படியும் மாசம் கூட்டப் போறாருன்னு அவரு சம்சாரம் சொல்லிச்சு. அந்த விறகுக்காரனுக்குக் கொஞ்சம் அவசரம் உண்டாக்குனோம், அவ்வளவுதான். கத்துனது அவன். கணக்குப் போட்டது நீங்க."

"யோசனை எனக்குத்தானே தோணுச்சு?"

"உங்களுக்கேதான்," என்றாள் மிக்கா.

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. அடுத்து வந்த கண்காணிக்குச் சடங்கு சொல்லிக் கொடுக்கும்போது, வேண்டுதலின் மறுபாதியில் எப்படி இருமினார் என்பதையும் காட்டினார். அவர் தனக்கு அடுத்தவருக்குக் காட்டினார். இன்றைக்கும் எங்கள் ஊர்க் கண்காணிகள் அந்த இடத்தில் இருமுகிறார்கள். வெளியூர்க்காரர்கள் அதைத் தெய்வ வழக்கம் என்று நினைத்துப் பயபக்தியோடு பார்க்கிறார்கள்.

எட்டு வருடம் கழித்து, திராட்சை ரசம் நுரைக்கிற அதே பருவத்தில், ஜோபிரோஸ் நிஜமாகவே இருமி, இருமி, ஒரு விடியற்காலையில் ஓய்ந்தார். மிக்கா பெட்டியைத் திறந்து சாம்பல் நிறத் துணியை எடுத்து உடுத்திக்கொண்டு உட்கார்ந்தாள். அழுக்கில்லை, கிழிசலில்லை, சாயம் கொஞ்சமும் வெளுக்கவில்லை. அந்த வருடமும் பொசைடன் இரட்டையாக வந்தது.

ஐந்தாவது நிலா முடிந்ததும் புதிய கண்காணி வந்து வாசலில் நின்றார். மனிதர் நல்லவர், கூச்சத்தோடுதான் பேசினார்.

"அக்கா, அஞ்சு மாசம் ஆச்சு. எந்திரிச்சு வெளிய வாங்க. பொம்பளைங்க எல்லாம் உங்களுக்காகக் காத்திருக்காங்க."

"நாலு மாசந்தான் ஆச்சு தம்பி."

"அஞ்சு ஆச்சுக்கா. நான் எண்ணிட்டுத்தான் வர்றேன்."

"ரெண்டாம் பொசைடனும் பொசைடன்தான். பேரு ஒண்ணு, மாசம் ஒண்ணு. என் வீட்டுக்காரர் கோயில் வாசல்ல நின்னு சொன்ன தீர்ப்பு. வேணும்னா பலகையை எடுத்துப் படிச்சுப் பாரு."

"அக்கா, அது... அந்தப் பொண்ணைக் காப்பாத்தறதுக்காகப் போட்ட கணக்குதானே? உங்களை இப்ப யாரும் கட்டாயப்படுத்தலையே?"

"தெரியும்பா," என்றாள் மிக்கா. "எனக்கு இன்னும் ஒரு மாசம் வேணும். அவரோட இருந்துக்கறேன். போயிட்டு வா."

கண்காணி தரையைப் பார்த்தபடி இருமினார். திரும்பிப் போய், இன்னும் நாள் இருக்கிறது என்று காத்திருந்த பெண்களிடம் சொன்னார்.